பொதுச் சொல்

பெயரை மாற்றியிருக்கிறேன்.
தாட்சாயினி என்று வைத்துக்கொள்வோம்.
புதன் பின்னேரம் நாலரை.
வெள்ளவத்தை, கடற்பக்க ஒழுங்கை, மூன்றாம் மாடி.
கீழே பல் வைத்தியரின் துளைப்பான்.
ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம், அதற்கப்பால்
யாருக்கும் பதில் சொல்லாத கடல்.

சாய்கட்டிலில் பிறந்த கலை இது.
என்னிடம் இருப்பவை இரண்டு பிரம்புக் கதிரை,
உப்புக்காற்று தின்ற மின்விசிறி,
ஒரு பெட்டி டிஷ்யூ.

முதல் நாளே உடன்படிக்கை எழுதினோம், அவள் கையெழுத்தில்:
"கூட்டத்தில் என் முறை வரும்போது
ஒரு வசனமாவது சொல்லுவேன்."
காப்புறுதிக் கம்பனி, கொள்ளுப்பிட்டி, பதினாலு வருஷம்.
அவள் போட்ட கணக்கை
பக்கத்தில் இருப்பவர்தான் எழும்பி வாசிப்பார்.

மூன்று வட்டம் கீறினேன், ஒன்றன்கீழ் ஒன்றாக.
பெற்றார். வளர்ந்தவர். பிள்ளை.
மூன்றும் நீங்கள்தான் என்றேன்.
நடு வட்டத்தைத் தொட்டு
"இவ நல்லா இங்கிலிஷ் கதைப்பா" என்றாள். சிரித்தோம்.
மேலே இருப்பது யாழ்ப்பாணத் தமிழில் ஏசுமாம்.
கீழ் வட்டத்துக்கு என்ன பாஷை?
ரயில் போனது.
போய் முடிந்த பிறகும் அவள் சொல்லவில்லை.

ஆறு வாரம் அவள் கேட்டாள், நான் சொன்னேன்.
எழுதிவைத்து வாசிக்கலாமே.
ஓம், ஆனால்.
மனேஜரிடம் முதலே சொல்லிவைத்தால்?
ஓம், ஆனால்.
ஏழாவது யோசனை நாக்கு நுனிக்கு வந்தபோதுதான் பிடிபட்டது:
அவளுக்கு வேண்டியது வழி அல்ல.
வழி இல்லை என்பதற்கு ஒரு சாட்சி.
வாயை மூடினேன்.
துளைப்பானைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த மௌனத்துக்குள்தான் அது விழுந்தது.
"அம்மா" என்றாள், என் முகத்தைப் பார்த்து.
என்னைவிட ஏழு வயது மூத்தவள்.
உடனே வாயைப் பொத்தினாள்.
சொறி சொன்னாள், நடு வட்டத்திலிருந்து.

கூப்பிட்டாளா, வலித்ததா,
தெரியாத பெண்ணுக்குக் கொடுக்கிற மரியாதையா?
எங்கள் மொழியில் எல்லாவற்றுக்கும் அதே சொல்.
எந்த அம்மா என்று கேட்டேன்.
அவள் வலது கை தொடைக்குப் போனது.
அது போனதை அவள் அறியவில்லை.

தொண்ணூற்றாறு. நூறாம் இலக்க பஸ். எட்டு வயது.
சோதனைச்சாவடிக்கு முன்னால் நெரிசல்.
"பஸ்ஸுக்குள்ள தமிழ் கதைக்காதை."
பாவாடைக்கு மேலால் இரண்டு விரல், ஒரு கிள்ளு.
ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அனுமதி.
சிங்களத்திலும் அம்மா அம்மாதானே.
பசித்தால் அம்மா.
மூத்திரம் முட்டினால் அம்மா.
பக்கத்தில் நிற்பவன் உரசினால் அம்மா.
பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை
அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனாள்,
கொண்டக்டர் இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்று கத்த.

"கிள்ளின விரல் எப்படி இருந்தது?"
நினைத்துப் பார்த்தாள்.
"குளிர்ந்து போய். நடுங்கினது."
மேல் வட்டத்துக்குள் சின்னதாய் இன்னொரு வட்டம் கீறினேன்.
அம்மாவுக்குள்ளும் ஒரு பிள்ளை, ஒளிய இடமில்லாமல்.
கிள்ளினது அவள்தான்.
"அம்மாவுக்கு அப்ப முப்பத்தொன்று" என்றாள் தாட்சாயினி.
என் வயது.

ஆக, பஸ் இந்த அறைக்குள்தான் நிற்கிறது.
நானும் எப்போதோ ஏறிவிட்டேன்.
என் ஆறு யோசனையும் ஆறு கிள்ளு.

அடுத்த புதன் பதினைந்து நிமிஷம் பிந்தி வந்தாள்,
மன்னிப்புக் கேட்காமல்.
கூட்டத்தில் சொல்லிவிட்டாளாம் ஒரு வசனம்.
"சரியாக் குளிருது, ஏசியைக் குறையுங்கோ."
தமிழில். தன்பாட்டில் வந்துவிட்டது.
மேசையைச் சுற்றி யாருக்கும் விளங்கவில்லை.
தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்த பெடியன்
சுவருக்குப் போய் ஏசியைக் குறைத்தானாம்.
"இது கணக்கோ?" என்று கேட்டாள்.
உடன்படிக்கையை எடுத்துப் பார்த்தோம்.
எந்த மொழி என்று எழுதியிருக்கவில்லை.

இரவு, காலி வீதியில், அதே நூறு.
இருக்கை கிடைத்தது.
போன் அதிர்ந்தது. திரையில் அம்மா.
வெட்டிவிட்டு ஒரு செய்தி அனுப்பினேன்:
பஸ்ஸில் இருக்கிறேன், இறங்கியதும் எடுக்கிறேன்.
ஆங்கிலத்தில்.